'கொ' எல்லாம் 'ெகா' ஆகிறது: நாலாம் வகுப்பின் பனைமரப் புத்தகத்துக்கு உதவி வேண்டும்

கரும்பனை டீச்சர் (கொழிஞ்சாம்பாறை பக்கம்):
வணக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. (கீழ்த் தொடக்க) பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். 17 பிள்ளைகள், 3 லேப்டாப், மூன்றிலும் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு. நெட் வந்தால் உண்டு. பனைமரத்தைப் பற்றிப் பிள்ளைகளே ஒரு டிஜிட்டல் புத்தகம் செய்கிறார்கள். நுங்கு வெட்டுகிற மாமாவைப் பேட்டி எடுத்தாயிற்று, பனங்கொட்டை புதைத்ததிலிருந்து கிழங்கு தோண்டியது வரை வரைந்தாயிற்று. விஷயத்துக்குப் பஞ்சமில்லை. எழுத்துதான் படுத்துகிறது.

பாதியைப் பொள்ளாச்சியில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து அடித்தேன். பென் டிரைவில் கொண்டுவந்து திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. மீதியை நானே அடித்தேன். 'பனங்கொட்டை'யில் கொம்பு தனியாகப் பிரிந்து, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச எழுத்துச் செயலியில் எழுத்துருவை எத்தனை தடவை மாற்றினாலும் தமிழ் அசைவதில்லை. சரி, இணையத்தில் ஏதாவது வடிவமைப்புத் தளத்தில் செய்யலாம் என்று போனால், பிள்ளைக்குப் பிள்ளை மின்னஞ்சல் கேட்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மின்னஞ்சலுக்கு நான் எங்கே போவேன்?

அச்சுக்கோப்பு (பொள்ளாச்சி):
டீச்சர், உங்களுக்கு வந்திருப்பது ஒரே நோய் இல்லைங்க. கடைக்காரர் பாமினி மாதிரி ஒரு பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். எந்த எழுத்துரு என்று கடையில் கேட்டுக்கொண்டு, யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றியில் ஒட்டி எடுங்கள். மாற்றிய பிறகு மேற்கோள் குறி, அடைப்புக்குறி, 'ஸ்ரீ' மூன்றையும் கண்ணால் ஒரு முறை பாருங்கள்.

நீங்கள் அடித்ததில் கோளாறு கைப்பழக்கம். டைப்ரைட்டர் ஞாபகத்தில் கொம்பை முதலில் தட்டுகிறீர்கள். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பின்னால். ஒட்ட எழுத்து கிடைக்காத கொம்புதான் அந்தப் புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. கணினியின் விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். 'க' தட்டி 'ஒ' தட்டினால் 'கொ' தானாக வரும். ஏற்கெனவே உடைந்ததை எந்த எழுத்துருவாலும் ஒட்ட முடியாது; அந்தப் பக்கங்களைத் திரும்ப அடித்துவிடுங்கள்.

இன்னொன்று: பனையில் வௌவால் தொங்குமே, அதைப் பிள்ளைகள் ள-வைப் போட்டு 'வெளவால்' என்று அடிப்பார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் அகப்படாது.

தேயிலைக்காட்டு மாஷ் (தேவிகுளம்):
லிப்ரே ஆபிஸ் விஷயத்தில் நானும் ஒரு மாதம் முட்டிக்கொண்டேன். அதன் கணக்கில் தமிழ் 'சிக்கலான எழுத்துமுறை' வகை, அதற்குத் தனி எழுத்துரு. 'டூல்ஸ் – ஆப்ஷன்ஸ்' உள்ளே மொழி அமைப்பில் அந்த வகையின் ஆங்கிலச் சுருக்கமான 'சி.டி.எல்.' என்பதை இயக்குங்கள். அப்புறம் 'ஃபார்மட் – கேரக்டர்' போனால் சி.டி.எல். எழுத்துரு தனியாக நிற்கும். அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் வையுங்கள். நீங்கள் மேலே பட்டையில் மாற்றியது ஆங்கிலத்துக்குப் போயிருக்கும்.

பிள்ளைகளுக்கு இணையதளக் கணக்கே வேண்டாம் டீச்சர். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள்தான், பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்த வம்பு நமக்கெதற்கு? என் வகுப்பில் காகிதத்தில் வரைந்து ஜன்னலோரம் வைத்துப் போனில் படம் எடுப்போம். லேப்டாப்பிலேயே வரையத் துடிக்கிறவர்களுக்கு டக்ஸ் பெயின்ட். இலவசம், நெட் வேண்டாம்.

அசைகிற பக்கம் வேண்டுமென்றால் ஸ்கிராட்ச், பிள்ளைகள் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள். எம்.ஐ.டி.யில் 2007-இல் வந்தது. கணக்கு இல்லாமலும் செய்து கணினியிலேயே சேமிக்கலாம். எழுத்தைப் படித்துக்காட்டும் வசதியில் தமிழ் கிடையாது. அதனால் நல்லதாயிற்று என்பேன். சவுண்ட்ஸ் பக்கத்தில் பிள்ளையின் குரலையே பதிவு செய்யுங்கள். எங்கள் புத்தகத்தில் ஒரு கதை நடுவே எஸ்டேட் சங்கு ஊதும். அதை வெட்டப் போனால் பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா (குப்பம்):
எங்கள் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அதனால் சொல்கிறேன்: பக்கத்துக்கு ஒரு வரி மலையாளமும் போடுங்கள் டீச்சர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள். படங்கள் குறைந்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரைப் பாருங்கள். 2015 முதல் இருக்கிறது, தமிழ்க் கதைகள் நிறைய. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், வரைந்தவர் பெயரைப் போட்டால் எடுத்தாளலாம். பிள்ளைகளின் முகமும் பள்ளிப் பெயரும் மட்டும் புத்தகத்தில் வேண்டாம்.

கரும்பனை டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. மாற்றியில் போட்டதும் கடை அடித்தது சரியாகிவிட்டது. கொட்டைக்கும் கொம்பு ஒட்டிவிட்டது. மலையாள வரி சேர்த்தேன், எழுத்துருவை மஞ்சரி என்ற மலையாள எழுத்துருவுக்கு மாற்றினால் தமிழும் சேர்ந்து மாறுகிறது. ஒரு பெற்றோர் போனில் திறந்தால் பக்கம் குலைந்து கிடக்கிறது.

அச்சுக்கோப்பு (பொள்ளாச்சி):
இரண்டு மொழியுமே சி.டி.எல்.தான், சேர்த்து மாற்றினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துருதான் நிற்கும். தமிழுக்கு ஒரு பெட்டி, மலையாளத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள். போனுக்குப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு உள்ளேயே போய்விடும்.

கரும்பனை டீச்சர்:
பிரித்தேன், நின்றது. பி.டி.எஃப். எல்லாப் போனிலும் திறக்கிறது. நுங்கு மாமாவுக்கு முதலில் காட்டினோம். ஆறாம் பக்கத்தில் விரலை வைத்து, "நுங்குக்கு மூணு கண்ணுங்க டீச்சர், பாப்பா நாலு வரைஞ்சிருக்குது" என்றார். பாப்பா அழிரப்பரோடு உட்கார்ந்திருக்கிறாள். திருத்தியதும் மறுபடி படம் எடுக்க வேண்டும்.