தாம்பரம் ரயிலுக்கு ஏற்ற துள்ளல் பாட்டு சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மார்ச் 31 நெருங்கினால் எங்கள் பாடு என்னவென்று சிலருக்குத் தெரிந்திருக்கும். இரவு ஒன்பதரைக்குக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த நேரத்திலும் மண்டைக்குள் டெபிட், கிரெடிட்தான் ஓடுகிறது.

இளையராஜா மெலடி போட்டுப் பார்த்தேன். அருமைதான், ஆனால் பல்லாவரம் வருவதற்குள் கண் கலங்கிவிடுகிறது. இப்போதைக்குக் கைகொடுப்பது 1994இல் வந்த 'காதலன்' பாட்டுகள். அதையே எத்தனை நாள் கேட்பது?

கானா, நையாண்டி மேளம், எதுவானாலும் சரி. முக்கியமாக பைலா, அதாவது இலங்கையின் துள்ளல் இசை. அந்த 6/8 தாளம் காதில் விழுந்தாலே கால் தானாக ஆடுகிறது (எதிர் சீட்டுக்காரர் முறைக்கிறார், பரவாயில்லை). ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. இலங்கை நண்பர்கள் கொஞ்சம் எடுத்துவிடுங்களேன்.

காதல் தோல்வி, தத்துவம் வேண்டாம். அப்புறம், 'உன்னால் முடியும்' வகைப் பாட்டும் வேண்டாம். அதற்கு மேனேஜர் இருக்கிறார். பாட்டோடு படத்தின் பெயரையும் போட்டால் தேட வசதியாக இருக்கும்.