பாஸ்கா திருவிழிப்பு: ஈஸ்டரின் அருள் மக்களுக்குப் புரிய என்ன செய்யலாம்?

வழிபாட்டுக்குழு:
ஈஸ்டருக்கு முந்தின புனித சனி இரவு, இந்தத் திருவிழிப்பு வழிபாட்டுக்கு எங்கள் கோவில் நிரம்பி வழிகிறது. ஆனால் வாசகங்களின்போதே பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். மெழுகுதிரி பிடிப்பதும் தண்ணீர் தெளிப்பதும் எதற்கென்று பலருக்குத் தெரியவில்லை. அன்பியக் கூட்டங்களில் (பங்கிலுள்ள குடும்பங்களின் சிறு குழுக்கள்) பதினைந்து நிமிடம் விளக்கம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் பங்குத்தந்தை. பாவமன்னிப்பு, புதுவாழ்வு, நிலைவாழ்வு என்று பட்டியல் வாசித்தால் மனதில் ஒட்டாது. எதைப் பிடித்துச் சொல்வது? வாசகங்களை எத்தனையாகக் குறைக்கலாம்? கிறிஸ்துவின் அடையாளமாக ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியின் தயாரிப்பில் கவனிக்க வேண்டியவை என்ன?

திருநூல்:
தனியாக ஒரு பட்டியல் வேண்டாம். ஒளி, வார்த்தை, தண்ணீர், விருந்து என்று அந்த இரவு நான்கு பகுதிகளாக நகர்கிறது. ஈஸ்டரின் அருள் ஒவ்வொன்றும் ஒரு செயலாக அங்கே கண்முன் நடக்கிறது. அதையே சொல்லுங்கள்.

முழு நிறைவான வடிவில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. அருள்பணித் தேவைக்காக மூன்றாகக் குறைக்கலாம். ஆனால் விடுதலைப் பயணம் 14, செங்கடலைக் கடந்த நிகழ்வை, ஒருபோதும் விடக்கூடாது. நேரமில்லை என்று அதை விட்டுவிட்டால், பின்னால் வரும் திருமுழுக்குத் தண்ணீருக்குப் பொருளே இல்லாமல் போகும். பார்வோனின் படை பின்னால், கடல் முன்னால். மக்கள் தண்ணீருக்குள் நடந்துதான் விடுதலை பெறுகிறார்கள். அதே இரவில் உரோமையர் 6:3-11 வாசிக்கிறோம்: திருமுழுக்கில் கிறிஸ்துவோடு இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, அவரோடு வாழ்கிறோம் என்கிறார் பவுல். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லிப் பாருங்கள், பதினைந்து நிமிடம் போதாது. மூன்று வாசகம்தான் என்றால் தொடக்கநூல் 1, விடுதலைப் பயணம் 14, எசேக்கியேல் 36 என்று எடுப்பேன். கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயத்தைத் தருவேன் என்ற வாக்குறுதி எசேக்கியேலில்தான் இருக்கிறது.

தூக்கத்துக்குப் பெரும்பாலும் நீளம் காரணமல்ல, தயாரிக்காத வாசிப்புதான் காரணம். வாசகர்களை ஒரு வாரம் முன்பே மைக்கில் வாசிக்கவைத்துப் பழக்குங்கள். ஒவ்வொரு வாசகத்துக்குப் பின்னும் பதிலுரைப் பாடல், பிறகு எழுந்து நின்று மன்றாட்டு என்ற வரிசையைக் கலைக்காதீர்கள். உட்கார்வதும் எழுவதுமே விழிப்பைக் காக்கும்.

பீடப்பணி:
திரியைப் பற்றி. அது மெழுகாலானதாக, ஆண்டுதோறும் புதியதாக, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1988-இல் உரோமையின் வழிபாட்டுப் பேராயம் தெளிவாகவே எழுதியது. பழைய திரியில் ஆண்டு எண்ணை மட்டும் மாற்றி ஒட்டுவதும், உள்ளே எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் குழாயும் வேண்டாம். கிறிஸ்து தம்மையே கொடுத்ததைச் சொல்லும் அடையாளம் தானும் கரைய வேண்டும்.

திரியில் பதிக்கும் சாம்பிராணி மணிகள் ஐந்தும் அவருடைய ஐந்து காயங்கள். குத்தும் வரிசை: திரியில் உள்ள சிலுவையின் மேல், நடு, கீழ், இடம், வலம். குருவானவர் அழுத்தும்போது மணியைப் பதிக்கும் ஆணி உடைவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. காலையிலேயே கம்பி ஒன்றைச் சுடவைத்து ஐந்து துளைகளையும் போட்டுவிடுங்கள்.

திரியை ஏற்றுவதற்காக வெளியே மூட்டும் நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். புகை மண்டும், பக்கத்தில் நிற்கும் பீடச்சிறுவர்களுக்கும் ஆபத்து. காய்ந்த பாளையும் சிரட்டையும் போதும். இருபது நிமிடம் முன்பே மூட்டினால் தூபக்கலசத்துக்குத் தேவையான தணலும் அதிலிருந்தே கிடைக்கும். இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. 1951-க்கு முன் இந்த வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே நடந்தது. பகல் வெளிச்சத்தில் திரியின் ஒளி எடுபடாது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதை இரவுக்குத் திருப்பினார்.

"கிறிஸ்துவின் ஒளி" மூன்று முறை பாடப்படும். இரண்டாவதற்குப் பிறகு மக்களின் திரிகள், மூன்றாவதற்குப் பிறகு கோவில் விளக்குகள். எரியும் திரியை நேராகப் பிடித்து, எரியாததைச் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உருகிய மெழுகு அடுத்தவர் கையில் விழும். திரியின் முன் பாடும் பாஸ்கா புகழுரை முடிந்ததும் அணைத்த திரிகளை, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் முன் மறுபடி ஏற்ற வேண்டும். பல பங்குகளில் விட்டுப்போவது இதுதான். அலகையை விட்டுவிடுகிறேன், கடவுளை நம்புகிறேன் என்று சொல்லும் அந்த நேரத்தில் கையில் ஒளி இல்லாமல் நிற்கிறார்கள்.

வேதபாடம்:
நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). எங்களுக்கு ஈஸ்டர் அதிகாலை ஆராதனைதான் பெரியது, ஆனாலும் ஒன்று சேர்க்கிறேன். ஆத்துமா அழியாது என்பதற்கு ஈஸ்டரை அத்தாட்சியாகப் பேசுவது பிரசங்கங்களில் அடிக்கடி வரும் தவறு. லூக்கா 24-இல் இயேசு கைகால்களைக் காட்டுகிறார், பொரித்த மீனைச் சாப்பிடுகிறார். எழுந்தது சரீரம். நோயிலும் முதுமையிலும் கிடக்கிறவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல். 1 கொரிந்தியர் 15-ஐ அவர்கள் வீட்டில் போய் வாசியுங்கள்.

விழுந்துபோனவர்களுக்கு யோவான் 21. பேதுரு மறுதலித்தது கரிநெருப்பண்டையில் குளிர்காய்ந்துகொண்டு (யோவான் 18:18). உயிர்த்தெழுந்தவர் கரையில் கரிநெருப்புப் போட்டு, அவனுக்குச் சாப்பாடு கொடுத்து, மூன்று முறை கேட்டு, ஊழியத்தைத் திரும்பக் கொடுக்கிறார். பேதுரு மறுதலித்ததைக் கண்டித்து ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. பாவமன்னிப்பு என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்தப் பகுதியை முழுதாக வாசித்தாலே போதும்.

வழிபாட்டுக்குழு:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. இரவில் நற்கருணை வாங்கியவர்கள் ஞாயிறு காலைத் திருப்பலியிலும் வாங்கலாமா? வாக்குறுதிகளைப் புதுப்பிப்பதற்குப் பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனை முழுவதும் நீங்குவது) உண்டு என்கிறார்களே?

திருநூல்:
வாங்கலாம், காலைத் திருப்பலியில் பங்கெடுத்தால். பரிபூரண பலனும் உண்டு. ஒப்புரவு அருள்சாதனம் (பாவசங்கீர்த்தனம்), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக வேண்டுதல், எந்தப் பாவத்தின் மீதும் பற்றில்லாத மனம் ஆகியவை தேவை. ஒப்புரவைச் சில நாள் முன்போ பின்போ செய்யலாம். புனித வாரத்தில் குருக்களிடம் கூட்டம் நெரியும் என்பதால் அன்பியக் கூட்டத்திலேயே இதை அறிவித்துவிடுங்கள்.