மின்விசிறி தொடங்கும்போது மட்டும் போர்டு ரீசெட் ஆகிறது: பவர் சப்ளையை மாற்ற வேண்டுமா?

கேள்வி (குலசேகரம்):
வணக்கம். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் ஈரப்பதத்தைப் பார்த்துக் காற்றை வெளியேற்றும் 12 வோல்ட் விசிறி ஒன்றை மைக்ரோகன்ட்ரோலர் (சிறு கணினிச் சிப்) போர்டு மூலம் இயக்குகிறேன். 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அங்கிருந்து 10 மீட்டர் தொலைவிலுள்ள போர்டுக்கும் விசிறிக்கும் ஒரே ஜோடி அரை ஸ்கொயர் (0.5 சதுர மி.மீ.) வயர்தான் செல்கிறது. விசிறி ஓடும்போது 2 ஆம்பியர்தான் எடுக்கிறது, மீட்டரும் அசையாமல் 12.1 காட்டுகிறது, ஆனாலும் விசிறி தொடங்கும் ஒவ்வொரு முறையும் போர்டு ரீசெட் ஆகிறது. இடவப்பாதி மழை நேரத்தில் இப்படி நின்றால் ஷீட்டில் பூஞ்சை பிடித்துவிடும். கடையில் 20 ஆம்பியர் சப்ளை வாங்கச் சொல்கிறார்கள்.

பதில் (மார்த்தாண்டம்):
வாங்க வேண்டாம். மீட்டரை எந்த முனையில் வைத்துப் பார்த்தீர்கள்? சப்ளை தன் வெளியீட்டு முனையில் உள்ள வோல்டேஜை மட்டுமே கவனித்துச் சரிசெய்யும். அதற்கு அப்பால் வயரில் இழக்கப்படுவது அதற்குத் தெரியாது. அரை ஸ்கொயர் செம்புக் கம்பியில், போக வர 20 மீட்டருக்கு ஏறக்குறைய 0.7 ஓம் வரும். நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் 8 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 5.6 வோல்ட் போய்விடும்; போர்டுக்கு மிஞ்சுவது ஆறரைக்கும் குறைவு, போர்டுக்கு 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர் சிப்பான 7805 ஒழுங்காக வேலை செய்யவோ ஏறத்தாழ 7 வோல்ட் வேண்டும். சாதாரண மீட்டர் இவ்வளவு குறுகிய சரிவைக் காட்டாது. விசிறி ஓடும்போது போர்டு முனையில் அளந்து சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
போர்டு முனையில் 10.7 காட்டுகிறது.

பதில் (தக்கலை):
அப்படியானால் மேலே நண்பர் சொன்ன 0.7 ஓம் கணக்கு அப்படியே பொருந்துகிறது. போர்டுக்குத் தனி ஜோடி வயரைச் சப்ளை முனையிலிருந்தே இழுங்கள். நெகட்டிவையும் விசிறியோடு பகிரக் கூடாது, பலரும் தவறுவது இங்கேதான். வயர் இழுக்க முடியாவிட்டால், 7805-க்கு முன்னால் ஒரு ஷாட்கி டயோடையும் (கரன்ட்டை ஒரே திசையில் விடுவது), டயோடுக்கும் 7805-க்கும் நடுவே 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டரையும் வையுங்கள். போர்டு 80 மில்லி ஆம்பியர் எடுத்தால், 100 மில்லி செகண்டில் கெப்பாசிட்டரின் வோல்டேஜ் சரிவு 4 வோல்ட்டைத் தாண்டாது. டயோடு இல்லாவிட்டால் அந்தச் சேமிப்பை மோட்டார் திரும்ப உறிஞ்சிவிடும். விசிறியைப் போட்டு நிறுத்த ரிலே இருந்தால் அதற்குப் பதிலாக மாஸ்ஃபெட்டும் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) மோட்டாருக்குக் குறுக்கே ஃப்ரீவீலிங் டயோடும் (அணையும்போது மோட்டாரில் எழும் எதிர் வோல்டேஜை அடக்குவது) போட்டு, பி.டபிள்யூ.எம். (வேகமாகப் போட்டு அணைத்துச் சக்தியைக் கட்டுப்படுத்தும் முறை) அளவை ஒரு நொடியில் படிப்படியாக உயர்த்தினால் சரிவே சிறிதாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
தனி ஜோடி இழுத்துவிட்டேன். இருபது முறைக்கு மேல் விசிறியைப் போட்டு நிறுத்திப் பார்த்தும் ரீசெட் ஆகவில்லை. விசிறிக்கு இன்னமும் 10.7 வோல்ட்தான் கிடைப்பதால், அதன் வயரை இரண்டரை ஸ்கொயராக மாற்றப் போகிறேன்.