இரண்டு கல் தூணுக்கு நடுவே ஒரு வேன்: இதற்கெல்லாம் சட்டப் பாதுகாப்பு தேவையா?

வடகாற்று:
இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் ஒரு பழைய சந்தை ஊரில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வீடு சாதாரண வீடுதான். வில்லங்கம் அதன் முன்னால் நிற்கும் இரண்டு சுண்ணாம்புக் கல் தூண்களில். பின்னால் இருந்த மாளிகை எப்போதோ போய்விட்டது. அதன் வாசல் மட்டும் எங்கள் வாசலாக நிற்கிறது. வீட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, தூண்களுக்கு கிரேடு 2! அதாவது, அனுமதியில்லாமல் மாற்றக் கூடாத பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் கடைசிப் படி.

இடைவெளி 7 அடி 2 அங்குலம். பெரிய டெலிவரி வேன் கண்ணாடியோடு சேர்த்து இரண்டரை மீட்டர் வருகிறது. பாதிப் பேர் தெருவிலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு தூணை மட்டும் இரண்டடி தள்ளி வைக்கலாமா என்று திட்ட அலுவலகத்தில் கேட்டேன். அனுமதி கிடைக்க வாய்ப்பில்லை என்றார்கள். இடிக்கவா கேட்டேன்? நகர்த்தத்தானே!

வரிகட்டி:
இந்த நாட்டின் வியாதியே இதுதான். இங்கிலாந்தின் பாரம்பரியப் பட்டியலில் ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள். அதில் கிரேடு 1 வெறும் 2.5 சதவீதம், பத்தில் ஒன்பதுக்கு மேல் கிரேடு 2. மைல்கல், குதிரைத் தண்ணீர்த் தொட்டி, சிவப்பு டெலிபோன் பெட்டி என்று போய், 2010இல் லண்டனில் பீட்டில்ஸ் குழு ஆல்பம் அட்டைக்காக நடந்த அபே ரோடு வரிக்குதிரைக் கடவையையே சேர்த்துவிட்டார்கள். தெருவில் அடித்த பெயின்ட்! அப்புறம் பராமரிப்புச் செலவு யார் தலையில்? உரிமையாளர் தலையில். அனுமதி பெற்றுச் செய்யும் மாற்ற வேலைகளுக்கு முன்பு வாட் வரி கிடையாது. 2012 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டு 20 சதவீதம் போட்டார்கள். பாதுகாக்கவும் சொல்வார்கள், அதற்கு வரியும் வாங்குவார்கள்.

கல்தச்சன்:
வரியைப் பற்றி வரிகட்டி சொன்னது சரி, அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் "நகர்த்தத்தானே" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

பதினைந்து வருடமாகப் பழைய கல் வேலை செய்கிறேன். பெரும்பாலான கேட் தூண் ஒரே கல் அல்ல. வெளியே செதுக்கிய கல், உள்ளே உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும். கல்லோடு கல்லைப் பிணைக்க இரும்புக் கொக்கி, கேட்டைத் தாங்க இரும்பு முளை. கல்லில் குழி தோண்டி முளையை நிறுத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். இரும்பு துருப்பிடித்து ஊதியிருக்கும். பிரித்தால் விளிம்புகள் கையோடு வரும். திரும்பக் கட்டும்போது பாதி புதுக் கல்லாகிவிடும். அது நகர்த்திய தூண் அல்ல, பழைய தூணைப் போல ஒரு தூண்.

ஒரு கேள்வி: உங்கள் தூணின் அடியில், உள்பக்கமாகச் சாய்ந்து ஒரு குட்டைக் கல் இருக்கிறதா?

வடகாற்று:
இருக்கிறது. என் மகள் அதில்தான் உட்கார்ந்து ஷூ மாட்டுவாள். ஏன்?

கல்தச்சன்:
வண்டிச் சக்கரத்தின் குடம் தூணை உரசாமல் சக்கரத்தைத் தள்ளிவிட நட்ட கல் அது. அதாவது, அந்த 7 அடி 2 அங்குலத்தைக் குதிரை வண்டிக்காரன் ஒருவன் தினமும் திட்டியிருக்கிறான், உங்களைப் போலவே. அந்த இடைவெளிதான் வாசல். தூணை விட்டுவிட்டு இடைவெளியை மாற்றினால் என்ன மிஞ்சும்?

வரிகட்டி:
அழகாகப் பேசுகிறீர்கள் தச்சரே. வண்டிக்காரன் திட்டியது வரலாறு, நாங்கள் திட்டினால் குற்றமா? நாளை அவர் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸ் வெளியே நின்றால், அந்தச் சாய்ந்த கல் வந்து தூக்குமா?

படலை:
வரிகட்டி அண்ணை, கோபிக்கக் கூடாது. ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருவினம், ஏழடி தாராளம். லண்டனில் பாதி வீட்டுக்கு வாசல் வரை வாகனமே போகாது.

சட்டப் பக்கம் நான் கொஞ்சம் சொல்லலாம், அலுவலகத்தில் இந்தக் கோப்புகளோடுதான் சீவியம். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் பட்டியல் கட்டடத்தின் தன்மை கெட மாற்றினால் அது கிரிமினல் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, அபராதத்துக்கு மேல்வரம்பே இல்லை. பழையபடி ஆக்கு என்ற நோட்டீசுக்குக் காலக்கெடுவும் கிடையாது. முந்தின ஆள் செய்ததற்கு இப்போதைய உரிமையாளருக்கு வரும். அதனால் வடகாற்று, இரவில் ஜேசிபி கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆனால் வரிகட்டி அண்ணைக்கும் ஒரு துரும்புச் சீட்டு தாறேன். வார்விக்ஷயரில் ஐட்லிகோட் மாளிகை. சுண்ணாம்புக் கல் பீடங்கள் இரண்டு, மேலே 18ஆம் நூற்றாண்டு ஈயச் சாடிகள். 1986இல் கிரேடு 2 பட்டியலில் ஏறின. உரிமையாளர் அது தெரியாமல் 2009இல் ஏலத்தில் 55,000 பவுண்டுக்கு விற்றார், அவை நாட்டை விட்டே போய்விட்டன. திரும்பக் கொண்டுவந்து வை என்று நோட்டீஸ். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020இல் தீர்ப்பு: பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு பொருள் "கட்டடம்" ஆகிவிடாது, அதையே எதிர்த்துக் கேட்கலாம். அளவு, நிலைத்து நிற்கும் தன்மை, நிலத்தோடு பிணைப்பு, மூன்றையும் பார் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வரிகட்டி:
பார்த்தீர்களா! அதைத்தான் சொல்கிறேன். வடகாற்று, இந்த வழியில் போங்கள்.

படலை:
அண்ணை, அவசரப்படாதீங்கோ. அந்தச் சாடிகள் தூக்கி வைக்கக் கூடியவை. அதற்கு முன்பே வீடு வீடாக இடம் மாறியவை. மாளிகைக்காகவே கட்டி, மண்ணுக்குள் அத்திவாரம் போட்ட தூணுக்கு அந்த வாதம் நிற்கும் என்று நான் நினைக்கேல்லை.

தேன்கூடு:
நான் ஸ்டாம்ஃபோர்டில் இருக்கிறேன். லிங்கன்ஷயரிலேயே இருப்பதால் சொல்கிறேன். 1967இல் இங்கிலாந்தின் முதல் பாதுகாப்புப் பகுதி (பழைய தோற்றம் கெடாமல் காக்க வேண்டிய இடம்) என்று அறிவித்தது எங்கள் ஊரைத்தான். 600க்கு மேல் பட்டியல் கட்டடங்கள். கதீட்ரல் எதுவும் இல்லை, பெரும்பாலும் வீடு, கடை, சுவர், வாசல். பக்கத்துக் குவாரிக் கல்: கெட்டன், பார்னக், கிளிப்ஷம். வெயில் படும்போது தெருவே தேன் நிறம். கல்லை உற்றுப் பார்த்தால் மீன் சினை போல மணி மணியாக இருக்கும். பார்னக் குவாரி இடைக்காலத்திலேயே தீர்ந்துபோனது, ஆகவே போன கல் போனதுதான். ஒவ்வொருவரும் "என் ஒரு தூணை மட்டும்" என்று ஆரம்பித்திருந்தால் இந்தத் தெரு இருந்திருக்காது.

பி.கு: வேன்காரர்கள் எங்கள் தெருவிலும் திட்டத்தான் செய்கிறார்கள்.

வரிகட்டி:
தேன்கூடு அம்மா, தெரு முழுக்க அழகு என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். மாளிகையே இல்லாத இடத்தில் தனியாக நிற்கும் இரண்டு தூணைச் சொல்கிறேன். இரும்புக் கேட் கூட இருக்காது.

கல்தச்சன்:
கேட் இல்லை என்பதும் ஒரு தடயம்தான். இரண்டாம் உலகப்போரில் அரசாங்கமே வேலிக் கம்பிகளையும் கேட்டுகளையும் உலோகத்துக்காக அறுத்துக்கொண்டு போனது. இங்கே அப்படித்தான் போனதா என்று சொல்ல முடியாது, அறுத்த முளை தெரிகிறதா பாருங்கள். அப்புறம் வடகாற்று, கல் இணைப்புகளில் சாம்பல் நிறத்தில் சிமென்ட் பூசியிருக்கிறதா?

வடகாற்று:
போய்ப் பார்த்தேன். முளை இரண்டு, மொட்டையாக, சுற்றி ஈயம். சிமென்டும் இருக்கிறது, முன்னால் இருந்தவர் கைங்கரியம். அதன் ஓரமெல்லாம் கல் பொரிந்து உதிர்கிறது.

கல்தச்சன்:
சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, அந்த ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்த்து உறைபனியில் கல்லை உடைக்கும். சுண்ணாம்புக் கலவைதான் பூச வேண்டும். பழுதுபார்ப்பதாக இருந்தாலும் தொடுவதற்கு முன் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

வரிகட்டி:
ஆக, வேனுக்கு வழி கேட்கப் போனவருக்குச் சுண்ணாம்புச் செலவு வந்து சேர்ந்தது. வாழ்க பாரம்பரியம்.

வடகாற்று:
என் கோபம் இன்னும் தீரவில்லை, அதைப் பதிவு செய்துகொள்கிறேன். இன்று காலை வந்த பார்சல் பையன் இரண்டு கண்ணாடியையும் மடக்கிவிட்டு உள்ளே வந்தான். பக்கத்துக்கு மூன்று விரற்கடை மிச்சம். வெளியே போகும்போதுதான் சாய்ந்த கல்லில் டயர் உரசியது. தூணில் படவில்லை.