கிணற்றுத் தண்ணீர் கெட்டிருக்கிறது, என் வரைபடமோ பச்சை காட்டுகிறது. எங்கே தப்பு?

தன்லின் தங்கச்சி:
எல்லாருக்கும் வணக்கம். மியான்மரில், யாங்கோனுக்கு ஆற்றைத் தாண்டி, தன்லினில் எங்கள் நான்கு தெருக்களுக்கு ஒரு வரைபடம் போடுகிறேன். கக்கூஸ் குழியின் கழிவு எந்தக் கிணற்றில் இறங்க வாய்ப்பு அதிகம் என்று தெரிய வேண்டும். டிராஸ்டிக் முறையில், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்கிறேன். நீர்மட்டம், மண், சரிவு போன்றவற்றுக்கு மதிப்புப் போட்டுக் கூட்டுகிற முறை அது; மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடுதல். மொத்தம் 38 கிணறு: 26 உறைக்கிணறு, 12 குழாய்க்கிணறு. திஞ்சான் (ஏப்ரல் புத்தாண்டு) முடிந்த வாரம் வீடு வீடாகப் போய் ஆழம் எழுதி வந்தேன்.

எங்கள் அம்மா வீட்டுக் கிணற்றுக்கு மதிப்பெண் 108 வருகிறது. பச்சை. ஆனால் அந்தத் தண்ணீரைச் சோதனைப் புட்டியில் ஊற்றி வைத்தேன், மறுநாள் காலையில் கரி மாதிரிக் கறுத்துவிட்டது. கறுத்தால் மலக்கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். அண்ணி கைக்குழந்தையோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாள். பச்சை என்று எப்படிக் கொடுப்பேன்? எதைத் தப்பாகச் செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.

நிலவரை அண்ணன்:
அம்மா வீட்டுக் கிணற்றுக்கு ஆழம் என்ன போட்டாய் தங்கச்சி? மதிப்பீட்டு அட்டவணை மீட்டரிலா, அடியிலா?

தன்லின் தங்கச்சி:
ஆழம் 14. அட்டவணையில் 9.1 முதல் 15.2 வரை 5 என்று இருந்தது, அதைப் போட்டேன்.

நிலவரை அண்ணன்:
அங்கேதான் தப்பு. உன் அட்டவணை மீட்டர். நம்மூரில் கிணற்றை யார் மீட்டரில் சொல்கிறார்கள்? 14 அடி என்றால் 4.3 மீட்டர்தான், அதற்கு மதிப்பு 9. நீர்மட்டத்தின் எடை 5, மதிப்பை அதால் பெருக்க வேண்டும். ஆக 25 வர வேண்டிய இடம் இல்லை அது, 45.

இன்னொன்றும் பார். சரிவு அடுக்கைத் திறந்தால் எல்லா இடமும் 90 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? உயர மாதிரியை (நிலத்தின் உயரம் காட்டும் கோப்பை) அட்சரேகை தீர்க்கரேகையிலேயே விட்டுச் சரிவு எடுத்தால் அப்படித்தான் வரும். கிடைத்தூரம் பாகையில், உயரம் மீட்டரில். தூரத்தை மீட்டரில் தரும் யூடிஎம் 47 வடக்கு என்ற ஆயமுறைக்கு மாற்றிவிட்டு மறுபடி எடு. தட்டை நிலத்துக்கு 1 இல்லை, 10 வரும்.

தன்லின் தங்கச்சி:
ஆமாம் அண்ணே, 89 பாகை! இரண்டையும் திருத்தினேன். 108 இப்போது 137 ஆகிவிட்டது. ஆனால் குழாய்க்கிணறு இருக்கும் பக்கம் மட்டும் இன்னும் அடர் பச்சை. அங்கெல்லாம் 180, 200 அடி.

குழாய் இறக்குபவர்:
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். 25 வருஷமாகப் போர் போடுகிறேன். வீட்டுக்காரர் 200 அடி என்று சொல்வது குழாய் இறக்கிய ஆழம், தண்ணீர் நிற்கிற ஆழம் இல்லை. மோட்டாரை நிறுத்தி, ஒரு ராத்திரி விட்டு, டேப் நுனியில் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து இறக்கு. நனைந்த கோடு தெரியும். அப்புறம் மேல் மணலில் இருக்கிற தண்ணீரும் களிமண்ணுக்குக் கீழே இருக்கிற தண்ணீரும் ஒன்றில்லை. இரண்டையும் ஒரே அடுக்கில் கலக்காதே. குழாயைச் சுற்றி மேலே சிமெண்ட் அடைத்திருக்கிறதா என்றும் குனிந்து பார். அடைக்கவில்லை என்றால் அழுக்கு குழாய் ஓரமாகவே கீழே போகும், 200 அடி இருந்தும் பயனில்லை.

நிலவரை அண்ணன்:
ஐயா சொன்னது சரி. நான் பெரிதாக நினைப்பது வேறு. திஞ்சான் நேரத்தில்தான் நீர்மட்டம் மிகக் கீழே இருக்கும். வாசோ மாதத்து (ஜூன், ஜூலை) மழையில் அம்மா கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும்? குழி எத்தனை அடி?

தன்லின் தங்கச்சி:
அம்மாவிடம் கேட்டேன். மழையில் குனிந்து சொம்பால் மொள்ளலாமாம், 4 அடிதான். குழி 7 அடி.

நிலவரை அண்ணன்:
அப்படியென்றால் மழைக்காலம் முழுக்கக் குழியின் அடி 3 அடி தண்ணீருக்குள் நிற்கிறது. குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டராவது காய்ந்த மண் வேண்டும், கிணறு 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். டிராஸ்டிக்குக்கு இது தெரியாது. மேலே கொட்டியது மண் வழியாக வடிகிறது என்று வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. குழியோ மேல்மண்ணைத் தாண்டிப் போய்விட்டது. அதனால் மழைக்கால மட்டத்தை வைத்து ஒரு வரைபடம் போடு, அதன்மேல் குழிகளைத் தனி அடுக்காக வை. ஒவ்வொரு குழியின் ஆழத்தையும் மழைமட்டத்தில் கழித்துப் பார். கழித்தால் எதிர்மறை வருகிற வீடுகளைச் சிவப்பாகக் காட்டு, மதிப்பெண் என்னவாக இருந்தாலும்.

அண்ணியிடம் இன்றைக்கே சொல்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கழிவிலிருந்து தண்ணீரில் கரைகிற நைட்ரேட் உப்பு போகாது, சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். குழந்தைக்குப் பால் கரைக்க அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

தன்லின் தங்கச்சி:
சொல்லிவிட்டேன் அண்ணே, குடிதண்ணீர்க் குடுவை வாங்கிவிட்டார்கள். 26 உறைக்கிணற்று வீட்டிலும் குழி ஆழம் கேட்டு வந்தேன். 17 வீட்டில் எதிர்மறை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் இதைச் சுவரில் ஒட்டப் போகிறேன். மழை பிடித்ததும் டேப்போடு மறுபடி போவேன்.

குழாய் இறக்குபவர்:
போகும்போது சொல்லம்மா, நானும் வருகிறேன். 100 அடி டேப் என்னிடம் இருக்கிறது.