புதுப்பிப்பு: பழைய காரை விற்கவில்லை

எஞ்சின் கொதிக்கும் 2008-ஆம் ஆண்டுக் காரைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். சரிசெய்துவிட்டேன்!

"முதலில் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள்" என்றவருக்குத் தனி நன்றி. பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது ஆயில். எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீர் ஆயிலில் கலந்திருந்தது. மெக்கானிக் அந்த மேல்மூடியை, அதாவது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, எஃகு அளவுகோலைக் குறுக்காக வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துக் காட்டினார். இடுக்கில் வெளிச்சம் கசியவே இல்லை. ஹெட் வளைந்திருந்தால் விற்றிருப்பேன்.

செலவு 16,500 ரூபாய். புதுக் காருக்கு மாதத் தவணையே 11,000 வரும். 2023-இல் புதுப்பித்த பதிவுச் சான்று 2028 வரை செல்லும், அதுவரை இதுதான்.

நேற்று சென்னையிலிருந்து வேலூர் போய்வந்தோம். வெப்பமுள் நடுவைத் தாண்டவில்லை. அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வந்தார்.