கப்பிக்கும் நிறை உண்டென்றால் இழுவிசை என்னவாகும்?

வணக்கம் நண்பர்களே. உராய்வற்ற மேசைமேல் 3 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு விளிம்பிலுள்ள கப்பி வழியே இறங்கி 2 கிலோ எடைக்கல்லைத் தாங்குகிறது. கப்பி நிறையற்றது என்றால் சிக்கலில்லை: கல்லின் எடை 2 × 9.8 = 19.6 நியூட்டன், முடுக்கம் 19.6 ÷ 5 = 3.92 மீ/வி², இழுவிசை 11.76 நியூட்டன். கல் முடுக்கத்தோடு இறங்குவதால் இழுவிசை அதன் எடையைவிடக் குறைவு என்பதும் புரிகிறது.

கப்பியை 1 கிலோ வட்டத்தட்டாக மாற்றியதும்தான் தலை சுற்றுகிறது, கப்பியோடு சேர்ந்து! கட்டைப் பக்கம் 10.69, கல் பக்கம் 12.47 நியூட்டன் என வருகிறது. கயிற்றுக்கு நிறையே இல்லாதபோது ஒரே கயிற்றில் இரண்டு இழுவிசைகள் எப்படி? கயிறு வழுக்காமல் கப்பியைப் பற்றும் உராய்வுதான் அந்த 1.78 நியூட்டனுக்குக் காரணமா? அப்படியானால் கப்பியின் நிறையில் பாதியைச் சேர்த்து மொத்த நிறையை 5.5 கிலோ எனக் கொண்டு நியூட்டனின் இரண்டாம் விதியை (விசை = நிறை × முடுக்கம்) நேரடியாகப் போடலாமா? விசைப் படத்தோடு யாராவது விளக்குங்கள்.